பத்தொன்பது ஒன்றுகள்

அந்த எண்ணை நான் முதன்முதலில் பார்த்தது ஒரு நீல அட்டைக் கொப்பியில். பத்தொன்பது ஒன்றுகள், ஒரே வரியில், இடைவெளி மாறாமல் நின்றன: 1111111111111111111. புதுக்குடியிருப்பிலிருந்து உள்ளே போகும் ஒரு கிரவல் வீதியின் ஓரத்தில் எங்கள் ஓய்வுக் கூடாரம் இருந்தது. மிதிவெடி அகற்றுவதுதான் எங்கள் வேலை; காணியை ஒடுக்கமான பாதைகளாகப் பிரித்து, ஆளுக்கொரு பாதையாகத் தேடுவோம். ஐம்பது நிமிடம் மண்ணில் முழங்காலூன்றி இருந்தால் பத்து நிமிடம் ஓய்வு. அந்தப் பத்து நிமிடத்தில் மற்றப் பெண்கள் தண்ணீர் குடிப்பார்கள், வீட்டுக்கு ஃபோன் எடுப்பார்கள், சிலர் கண்ணை மூடிச் சாய்ந்துவிடுவார்கள். எனக்குப் பக்கத்துப் பாதையில் வேலை செய்த அக்கா மட்டும் தடித்த பிளாஸ்ரிக் முகக்கவசத்தைக் கழற்றி மடியில் கவிழ்த்து, அதன்மேல் கொப்பியை வைத்து, வகுக்கத் தொடங்குவார்.

"என்னக்கா இது, வெளிநாட்டு ஃபோன் நம்பரோ?" என்று கேட்டேன்.

"இது உடையுமோ எண்டு பாக்கிறன்," என்றார். தலையை நிமிர்த்தவில்லை.

நாங்கள் எல்லோரும் அவரைக் கணக்கு அக்கா என்றுதான் கூப்பிட்டோம். உயர்தரத்தில் கணிதம் படித்தவர். பரீட்சை எழுத வேண்டிய வருடத்தில் இடப்பெயர்வு தொடங்கிவிட்டது. ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு புத்தகமாக விடுபட்டு, கடைசியில் கையில் ஒன்றும் இல்லாமல் போனபோது, சுமக்கத் தேவையில்லாத ஓர் எண்ணைத் தேடினாராம். ஒன்றை மட்டும் திரும்பத் திரும்ப எழுதினால் மறக்க வழியில்லை, எத்தனை ஒன்று என்பதை நினைவில் வைத்தால் போதும். பதுங்குகுழிக்குள் இருந்தபடி மனதாலேயே ஐந்து ஒன்றுகளை நாற்பத்தொன்றாலும் இருநூற்று எழுபத்தொன்றாலும் உடைத்தார். ஏழு ஒன்றுகளை இருநூற்று முப்பத்தொன்பது உடைத்தது. முகாமில் கிடைத்த ஒரு பென்சில் துண்டால் பதினொன்றை உடைத்தார். பதின்மூன்றைப் பற்றிச் சொல்லும்போது சிரிப்பார். "அது பாவம், அம்பத்து மூண்டிலையே விழுந்திட்டுது."

எனக்குச் சாதாரண தரத்துக்கு மேல் படிப்பில்லை. ஆனாலும் அவர் சொல்லச் சொல்ல மெல்ல மெல்லப் பிடிபட்டது. தன்னாலும் ஒன்றாலும் தவிர வேறெதாலும் மீதியின்றி வகுபடாத எண்ணை முதன்மை எண் என்பார்கள் என்பது பள்ளியில் படித்ததுதான். ஒன்றுகளின் எண்ணிக்கை ஆறோ ஒன்பதோ போலப் பிரியக்கூடியதாக இருந்தால் அந்த எண்ணும் பிரியும். எண்ணிக்கையே முதன்மையாக இருந்தால் பிரியவும் கூடும், பிரியாமல் நிற்கவும் கூடும். பதினேழு ஒன்றுகளின் கதைதான் எனக்கு வேறு மாதிரி இருந்தது. ஓர் எண்ணைத் திரும்பத் திரும்பப் பெருக்கி மீதி பார்க்கும் ஒரு சோதனை இருக்கிறது, அதை அவர் ஒரு பழைய புத்தகத்தில் படித்திருந்தார். ஒரு மழைக்காலம் முழுக்கப் பதினேழு ஒன்றுகளுக்கு அதைச் செய்து முடித்தார். வந்த விடை, இந்த எண் உடையும் என்று மட்டும் சொன்னது. எதனால் உடையும் என்று சொல்லவில்லை.

"அதெப்பிடியக்கா? உடையிறதெண்டால் உடைக்கிறதொண்டு இருக்கத்தானே வேணும்?"

"இருக்கு. உள்ளுக்கை ஒண்டு கிடக்கெண்டு நிச்சயமாத் தெரியும். எங்கை கிடக்கெண்டுதான் தெரியாது."

அதைச் சொல்லிவிட்டு அவர் கொப்பியை மூடி முகக்கவசத்தை மாட்டிக்கொண்டார். ஓய்வு முடிந்திருந்தது. நான் எழும்பி, சிவப்புத் தடிகள் நட்டிருந்த காணியைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றேன். 

பத்தொன்பது ஒன்றுகள் அந்தச் சோதனையில் தப்பிவிட்டன. தப்பியதால் முதன்மை எண் என்று நம்பலாம், ஆனால் நிரூபணம் ஆகாது. நிரூபிக்க வேண்டுமென்றால் வகுத்தே பார்க்க வேண்டும் என்று அக்கா நினைத்தார். எல்லா எண்களாலும் தேவையில்லை. அதை உடைக்கக்கூடிய எந்த முதன்மை எண்ணும், முப்பத்தெட்டால் வகுத்தால் மீதி ஒன்று தருவதாகத்தான் இருக்கும். அதனால் நூற்றுத் தொண்ணூற்றொன்றில் தொடங்கி, இருநூற்று இருபத்தொன்பது, நானூற்றுப் பத்தொன்பது என்று தாவித் தாவிப் போனார். அப்படித் தாவினாலும் நூற்றைந்து கோடி வரைக்கும் போக வேண்டும். வழியில் முப்பது லட்சம் அளவில் எண்கள் காத்திருக்கும் என்று அவரே ஒருநாள் கணக்குப் பார்த்துச் சொன்னார். ஒரு நாளைக்கு ஐந்தோ ஆறோ வகுத்தல் செய்கிற மனுசி. முடியாதென்று அவருக்குத் தெரியாதா என்ன? 

இன்னொன்றையும் சொன்னார். அது உண்மையாகவே முதன்மை எண்ணாக இருந்தால், ஒன்றை அதனால் வகுக்கும்போது தசமப் புள்ளிக்குப் பிறகு பதினெட்டுப் பூச்சியங்கள் வரும், பிறகு ஒரு ஒன்பது. மறுபடி பதினெட்டுப் பூச்சியங்கள், மறுபடி ஒரு ஒன்பது. முடிவே இல்லாமல். பத்தொன்பது இடத்துக்கு ஒருதரம் இப்படித் திரும்பி வரும் முதன்மை எண் உலகத்தில் அது ஒன்றாகத்தான் இருக்கும், வேறு இருக்கவே முடியாது. கூடாரத்துக்கு வெளியே காற்று இல்லை. அவர் பூச்சியங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போனார். ஒன்பது எப்போது வரும் என்று நான் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன்.

நாங்கள் வேலை செய்த காணி மலையகத்திலிருந்து பல வருடங்களுக்கு முன் வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறிய ஒரு குடும்பத்தினுடையது. காணிக்கார அம்மா காணியைச் சுற்றிக் கட்டிய எச்சரிக்கை நாடாவுக்கு வெளியே நின்று ஒவ்வொரு நாளும் தன் பழைய கிணற்றைப் பார்ப்பார். கணவர் அகதி முகாமிலேயே இறந்துவிட்டார். ஒரு மகளும் மருமகனும் அவருடன் தகரக் கொட்டிலில் இருந்தார்கள். "கிணத்துல தண்ணி ஊறிக்கிட்டுதான் இருக்கும் தங்கச்சி, யாரும் மொள்ளாட்டியும்," என்பார்.

அந்தக் காணியில் வெடிகள் வரிசையாகப் புதைக்கப்பட்டிருந்தன. உள்ளங்கையில் அடங்கும் சின்ன வட்டப் பிளாஸ்ரிக் வெடிகள். ஒன்றைக் கண்டுபிடித்தால் அடுத்தது எத்தனை அடி தள்ளி இருக்கும் என்று சொல்லிவிடலாம், புதைத்தவர்கள் அவ்வளவு ஒழுங்காகப் புதைத்திருந்தார்கள். பல்லுள்ள றேக்கால் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டிக்கொண்டு முன்னேறுவோம். அக்காவின் பாதையில் ஒன்று வந்தது. அடுத்தது என் பாதையில் வரவேண்டும். வரவில்லை. எனக்கு அந்தப் பக்கம் வேலை செய்தவளின் பாதையில் அதற்கடுத்தது சரியான இடத்தில் இருந்தது. பல்வரிசையில் ஒரு பல் விழுந்ததுபோல, என் பாதையில் மட்டும் ஓர் இடைவெளி.

இதற்கும் ஒரு நடைமுறை உண்டு. எங்கள் மேற்பார்வையாளர் கவனமான மனிதர். அந்த இடத்தைச் சுற்றி அகலமாக மறுபடி பார்க்க வைத்தார். வெடித்த குழியின் தடயமும் இல்லை, வெடியும் இல்லை. பன்றி கிண்டியிருக்கலாம், வெள்ளம் கொண்டுபோயிருக்கலாம், யாராவது அந்தக் காலத்திலேயே எடுத்திருக்கலாம். சில வேளைகளில் புதைத்தவனே ஓர் இடத்தை விட்டுவிடுவான். அறிக்கையில் அதை எழுதினார்கள். அக்கா அவரிடம் போய், "சேர், இன்னும் வெளியிலை பாக்கவேணும். என்ரை மனசு ஒத்துக்கொள்ளேல்லை," என்றார். அவர் பொறுமையாகத்தான் பதில் சொன்னார். "தங்கச்சி, மனசு ஒத்துக்கொள்ளுற வரைக்கும் பாக்கிறதெண்டால் வன்னியிலை ஒரு காணியும் குடுக்கேலாது." அதிலும் நியாயம் இருந்தது. நாடாவுக்கு வெளியே அந்த அம்மா நின்றுகொண்டிருந்தார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியது என்னிடம் ஒன்று இருந்தது. அந்த இடைவெளிக்குக் கீழே, கிணற்றுப் பக்கமாகப் போகும் என் பாதையின் நடுப்பகுதியை நான் சுரண்டிய நாளில் என் மகளுக்குக் கடும் காய்ச்சல். காலையில் ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வேலைக்கு வந்திருந்தேன். அன்றைக்கு எவ்வளவு ஆழம் போனேன் என்பது இன்றைக்கும் எனக்கு நினைவில்லை. கை பழகிய வேலையைக் கை செய்தது. கண் எங்கே இருந்தது என்று தெரியாது. சரியாகத்தான் செய்திருப்பேன். செய்திருப்பேன் என்பதற்கு மேல் என்னால் ஒரு சொல்லும் சொல்ல முடியாது. அளந்து பார்க்க வந்தவர்கள் அங்கங்கே பார்த்துவிட்டுச் சரி என்றார்கள். கையெழுத்து வைத்தேன்.

காணி கையளிக்கப்பட்டது. கொஞ்ச மாதத்தில் அந்த வேலைத்திட்டமும் முடிந்து எங்களில் பாதிப் பேரை நிறுத்திவிட்டார்கள். நான் கிளிநொச்சிப் பக்கம் ஓர் ஆடைத் தொழிற்சாலைக்குப் போனேன். அக்கா எங்கே போனார் என்று விசாரிக்கவில்லை. விசாரிக்க விரும்பவில்லை என்பதுதான் உண்மை.

மூன்று வருடத்துக்குப் பிறகு ஒரு நாள் காணிக்கார அம்மாவிடமிருந்து அழைப்பு வந்தது.

"தங்கச்சி, அந்தக் கணக்குப் புள்ள காலங்காத்தாலயே வந்து நம்ம வாய்க்கால்ல குனிஞ்சிக்கிட்டு மண்ணச் சொரண்டுதுங்க. ஒரு மாசமாச்சு. நான் வேணாம்னும் சொல்லல, தேத்தண்ணி குடுக்கிறேன். ஆனா பாத்தா பயமா இருக்குங்க. நீங்க வந்து ஒரு வார்த்த சொல்லுங்க."

அடுத்த நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். காணி அடையாளம் தெரியாமல் மாறியிருந்தது. கல்வீடு எழும்பியிருந்தது. வீட்டைச் சுற்றி மிளகாயும் கச்சான் கடலையும் நட்டிருந்தார்கள். வீட்டுக்கும் கிணற்றுக்கும் நடுவில் இருந்த பகுதியை மட்டும் இன்னும் உழவில்லை, புல் மண்டிக் கிடந்தது; கிணற்றுக்கு அதைச் சுற்றி ஓரத்து வரம்பால்தான் போய்வந்தார்கள். என் பாதை அதற்குள்தான் ஓடியது. அக்கா காணியின் சரிவான மூலையில், மழைநீர் வடிந்தோடும் வாய்க்காலில் முழங்காலூன்றி இருந்தார். கவசம் இல்லை, முகக்கவசம் இல்லை. ஒரு பழைய றேக்கும் ஒரு தோட்டக் கத்தியும் மட்டும். வெள்ளம் கொண்டுபோயிருந்தால் இந்த வழியால்தான் கொண்டுபோயிருக்கும் என்பது அவருடைய கணக்கு. வாய்க்காலின் நீளத்தைத் தடி நட்டுச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்திருந்தார்.

வரம்பில் நின்றுகொண்டு கத்தினேன். சாகப் போறீங்களா, பொலிஸுக்குத் தெரிந்தால் என்ன நடக்கும், அந்தக் குடும்பம் நிம்மதியாக இருப்பது பிடிக்கவில்லையா என்றெல்லாம் கேட்டேன். அவர் சுரண்டுவதை நிறுத்தவில்லை. அப்போது எனக்கு வந்த கோபம் பயத்திலிருந்து வந்தது என்பது இப்போது விளங்குகிறது. அவரை எங்கே அடித்தால் வலிக்கும் என்று எனக்குத் தெரியும்.

"உங்கடை பத்தொன்பது ஒண்டும் முதன்மை எண்தான். நான் ஃபோனிலை அடிச்சுப் பாத்திட்டன். எப்பவோ நிரூபிச்சிட்டாங்களாம். நீங்கள் இவ்வளவு நாளும் சும்மா வகுத்தனீங்கள்."

அவர் நிமிர்ந்தார். முகத்தில் கோபம் இல்லை. கொஞ்சம் களைப்பு மட்டும் தெரிந்தது.

"ஆர் பாத்தது?"

"ஆரோ. பெரிய ஆக்கள். கொம்பியூட்டராலை."

"ஓம், பாத்திருப்பாங்கள். அவங்கள் முழுக்கப் பாத்திருப்பாங்கள்," என்றார். பிறகு மெதுவாகக் கேட்டார். "உன்ரை பாதையையும் ஒராள் பாத்ததுதானே, பிள்ளை. முழுக்கப் பாத்ததோ?"

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கிணற்றடியில் அந்த அம்மாவின் மகள் துணி தோய்க்கும் சத்தம் கேட்டது. நான் வரம்பில் இருந்துவிட்டேன். காய்ச்சல், ஆஸ்பத்திரி, நினைவில்லாத அந்தக் காலை, எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று வருடமாக வீட்டில் என் மனிசனுக்குக்கூடச் சொல்லாதது. அவர் என்னைத் திட்டவில்லை. தேற்றவும் இல்லை. றேக்கைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"உனக்குத் தெரியாதெண்டு எனக்கு அண்டைக்கே தெரியும்," என்றார் கடைசியில். "நாளைக்கு உன்ரை பாதையிலை தொடங்குவம். இண்டைக்கு இந்த வாய்க்காலை முடிச்சிடுறன். பாதியிலை விட்டால் எங்கை விட்டதெண்டு தெரியாமல் போயிடும்."

அவருக்குப் பின்னால் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மணித்தியாலம் போயிருக்காது. அவருடைய கை நின்றது. அப்படி நிற்கும் கையை எங்கள் வேலையில் இருந்தவர்களுக்குத் தெரியும். உடம்பில் வேறு எந்த இடமும் அசையவில்லை. பிறகு றேக்கை மிக மெதுவாகத் தூக்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு, ஊன்றிய முழங்கால் தடத்திலேயே பின்னுக்கு வந்தார். வரம்பில் ஏறி முழங்கால் மண்ணைத் தட்டினார்.

"கிடைச்சிட்டுதோ?" என்றேன். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. வெள்ளம்தான் கொண்டுபோயிருக்கிறது, என் கை பிழை செய்யவில்லை என்று ஒரு கணம் நினைத்தேன்.

"இல்லை," என்றார். "இது பெட்டி."

மரப்பெட்டி. உக்கிப்போன பலகையின் ஒரு மூலை ஈர மண்ணில் கறுப்பாகத் தெரிந்தது. கையால் செய்த வெடி. எங்கள் வரிசையில் இருந்தவற்றுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. புதைத்தவர்கள் வேறு, காலம் வேறு. வரைபடம் யாரிடமும் இல்லை. அது வெள்ளத்தில் வந்ததும் இல்லை, வாய்க்காலின் கரையில் யாரோ குனிந்திருந்து புதைத்தது. அப்படிப்பட்டதைத் தனியாக ஒன்று மட்டும் யாரும் புதைப்பதில்லை. என் இடைவெளியில் இருந்திருக்க வேண்டியது இன்னும் எங்கோ கிடந்தது. அதற்கு மேல் எத்தனை என்று தெரியாத இன்னொரு கணக்கும் அன்றைக்குத் திறந்துகொண்டது.

நான்தான் பொலிஸுக்கு அறிவித்தேன். வந்தார்கள், எல்லோரையும் தூர விலக்கிவிட்டு அதை அங்கேயே வெடிக்க வைத்தார்கள். சத்தம் நெஞ்சுக்குள் இடித்தது. புது வீட்டின் ஒரு யன்னல் கண்ணாடி விழுந்தது. அதற்கடுத்த கிழமை மண்டையோட்டுப் பலகைகள் திரும்பி வந்தன. இந்த முறை வீட்டையும் கிணற்றடியையும் மட்டும் விட்டு மீதிக் காணி முழுக்க; அதுவும் ஒரு காணிக்கு மட்டும் இல்லை. வாய்க்காலின் இரண்டு பக்கமும் இருந்த அயல் காணிகளையும் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற ஒழுங்கையையும் சேர்த்து நாடா கட்டினார்கள். கச்சான் பிடுங்குகிற பருவம். பிடுங்கக் கூடாது என்றுவிட்டார்கள்.

சனத்தின் கோபம் வெடியைப் புதைத்தவர்கள் மேல் வரவில்லை. அவர்கள் யாரென்று யாருக்கும் தெரியாது. வெடியைக் கண்டவர் கண்ணுக்கு முன்னால் இருந்தார். "மூண்டு வருசமா நடந்து திரிஞ்சம், ஒண்டும் நடக்கேல்லை. இவா தோண்டித்தானே வந்தது," என்று சந்தையில் வைத்தே சொன்னார்கள். அனுமதியில்லாமல் தேடியதற்காகப் பொலிஸில் விசாரித்தார்கள். புதிதாகத் தொடங்கிய வேலைக்கு எங்கள் பழைய ஆட்களைத் திரும்ப எடுத்தபோது அவரை எடுக்கவில்லை, விதியை மீறியவர் என்று. என்னை எடுத்தார்கள். தொழிற்சாலையை விட்டுவிட்டு வந்தேன். நேர்முகத்தில் அந்தக் காய்ச்சல் நாளைப் பற்றிச் சொன்னேன். எழுதிக்கொண்டார்கள். என் பழைய பாதையும் திரும்பப் பார்க்கப்படும், ஆனால் வாய்க்காலிலிருந்து தொடங்கி ஒழுங்காக முன்னேறும்போதுதான் அதன் முறை வரும் என்றார்கள்.

அக்கா இப்போது பூநகரியில் தங்கையோடு இருக்கிறார், கடலட்டைப் பண்ணையில் தரம் பிரிக்கும் வேலை. இடைக்கிடை ஃபோன் எடுப்பார். சுகம் விசாரிக்கிற பழக்கம் அவரிடம் இல்லை. "எங்கை நிக்கிறீங்கள்?" என்று மட்டும் கேட்பார். வாய்க்காலிலிருந்து எத்தனை மீற்றர் வந்திருக்கிறோம் என்று சொல்வேன். இதுவரைக்கும் இன்னும் இரண்டு பெட்டிகள் வந்திருக்கின்றன. என் பாதைக்கு நாங்கள் இன்னும் வந்து சேரவில்லை.

சென்ற மாதம் ஒரு பின்னேரம், வேலையை முடித்துக்கொண்டு சாமான்களை ஏற்றும் நேரம், காணிக்கார அம்மாவின் பசு கயிற்றை அறுத்துக்கொண்டு நாடாவைத் தாண்டி உள்ளே போய்விட்டது. யாரும் சத்தம் போடவில்லை, போட்டால் ஓடும். அது அவசரமில்லாமல் புல்லைக் கடித்துக் கடித்து, என் பழைய பாதையின் வழியே, நான் நினைவில்லாமல் சுரண்டிய அந்த நடுப்பகுதிக்குள் போய், கிணற்றடியில் வெளியேறியது. எல்லோரும் மூச்சு விட்டார்கள். அம்மா கைதட்டிச் சிரித்தார்.

"பாத்தீங்களா தங்கச்சி, அங்க ஒண்ணுமே இல்லீங்க!"

அன்றைக்கே அக்காவுக்குச் சொன்னேன். 

"நாலு காலும் பட்ட இடத்திலை இல்லை," என்றார். "அவ்வளவுதான். அதை அந்த மனுசிக்கும் சொல்லு."

சொன்னேன். அடுத்த நாள் காலையில் போய்ச் சொன்னேன். ஆனால் நான் போய்ச் சேரும்போதே குளம்புத் தடங்களுக்குப் பக்கத்தில் வெறுங்காலின் தடங்கள் இருந்தன, போனதும் வந்ததும். வீதியால் சுற்றிப் போனால் கிணற்றுக்கு அரை மைல். இந்தப் பக்கத்தால் நூறு அடிகூட இல்லை. நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். மேற்பார்வையாளரும் வந்து சொன்னார். அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார், "சரிங்க, சரிங்க" என்றார். நாங்கள் நாடாவை இறுக்கிக் கட்டுகிறோம். காலையில் வந்து பார்த்தால் அது தூக்கித் தடியில் கொளுவப்பட்டிருக்கிறது.

இப்போது அங்கே புல் இல்லை. ஓர் ஆள் நடக்கும் அகலத்துக்கு வெள்ளையாக ஒரு ஒற்றையடிப் பாதை விழுந்துவிட்டது. அயல் வீட்டாரும் அதனால்தான் தண்ணீருக்கு வருகிறார்கள். நேற்றுக் காலையில் அதில் ஒரு சைக்கிள் சில்லின் தடமும் இருந்தது.